இருபத்து மூன்றாவது

மெரனின் பரணிலிருந்து ஒரு மூட்டை வந்தது,
நாற்பது பவுண்டுக்கு.
மூன்று பிள்ளைகள் நனைத்து முடித்த துணி டயப்பர்கள்.
ரப்பர் தளர்ந்தவை நான்கு என்று
விற்றவளே சொல்லிவிட்டாள்.
சமையலறை மேசையில் கொட்டி எண்ணினோம்:
இருபத்து மூன்று.
ஓஸ்லா ஒன்றை விரித்தாள்,
நான் திருப்பிப் பார்த்தேன்.
எது முன், எது பின்?
என் கோட்டில்கூட இல்லாத இத்தனை பொத்தான்கள்
எதற்கு, உள்ளங்கை அகலப் பிட்டத்துக்கு?

சுன்னிவாவுக்குப் பதினொரு வாரம்.
துண்டின்மேல் அம்மணமாய்க் கால் உதைத்தபடி
எங்கள் பரீட்சையை வேடிக்கை பார்த்தாள்.

பதினேழு வருடமாய் எனக்குப் படகில் வேலை.
உல்ஸ்டாவிலிருந்து அக்கரைக்கு இருபது நிமிடம்,
கார்கள், ஆடுகள், ஒருமுறை ஒரு பியானோ.
நீர்க்கதவின் ரப்பரை
விரலால் தடவியே பழுது சொல்வேன்.
அந்த விரல்
குழந்தையின் தொடையிடுக்கில் தோற்றது.

முதல் ராத்திரி, மணி மூன்று:
தொட்டில், போர்வை, என் சட்டை, ஓஸ்லாவின் முழங்கை.
"இவ்வளவும் இவளுக்குள்ளா இருந்தது?" என்றாள் ஓஸ்லா,
தூக்கத்தில் பாதி, சிரிப்பில் பாதி.

மெரன் போனில் வைதாள்.
"எல்லாத்தையும் ஒரே நாள்லயா ஆரம்பிச்சீங்க?
பகலுக்கு ஒண்ணு போதும்.
ராத்திரிக்குக் கொஞ்ச நாள் கடை டயப்பரையே போடு,
யாரும் உன்னை ஜெயில்ல போட மாட்டாங்க.
நீ புதுசா வாங்கின மூங்கில் பட்டை இருக்கே,
அஞ்சாறு தரம் துவைச்சாத்தான் அது குடிக்கும்.
வாசனைத் தைலம் கீலம் ஊத்தித் தொலைக்காதே."

ஆக, பகலுக்கு ஒன்று.
புதன்கிழமை துணிந்து இரண்டு.
வெள்ளிக்கிழமை என் விரல் ஒன்றைக் கண்டுபிடித்தது:
ரப்பர் உட்கார வேண்டிய இடம் தொடையில் இல்லை,
அதற்கும் மேலே, ஜட்டியின் விளிம்பு ஓடும் மடிப்பில்.
அங்கே இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.
டிக்.
படகைத் துறையில் கட்டி முடித்தபோதெல்லாம்
எனக்குள் ஒன்று அடங்குமே,
அது அடங்கியது.

மார்ச்சில் எங்கள் தீவில் காற்று
துணி உலர்த்தும், கூடவே துணி திருடும்.
மரம் கிடையாது, தடுக்க ஆளில்லை.
ஒரு சாயங்காலம் கொடியிலிருந்து அள்ளி வந்து
எண்ணினேன். இருபத்திரண்டு.
மறுபடி எண்ணினேன்.
கடுகு நிறத்தது இல்லை.
வேலியோரம், கரிமண் குழி, ஆட்டுக்கொட்டில்,
டார்ச்சோடு போய்த் தேடினேன்.
ஆடுகள் என்னைப் பார்த்த பார்வை வேண்டாம்.
"விடு," என்றாள் ஓஸ்லா, "ஒரு டயப்பர்தானே."
அவளும் ஜன்னலில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள், ஆறரை மணிப் படகு.
அக்கரை லௌரி மீன் வேனின் கண்ணாடியை இறக்கினான்.
கையில் கடுகு நிறம்,
ஓரமெல்லாம் உப்புப் பூத்து,
பொத்தான் இடுக்கில் ஒரு நூல் பாசி.
"கரையில கவுந்து கிடந்துச்சு.
ஜெல்லி மீனாக்கும்னு குச்சியால குத்தினேன்.
பெயர் வேற எழுதியிருக்கு."

உள்பட்டியில், மங்கிய மையில்: கிப்பி.

தளத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.
மெரனின் மூத்தவன் கிப்பி,
வயது பதினாறு, உயரம் ஆறடி,
போன மாதம்தான் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தவன்.
காது நுனிவரை சிவந்தான்.
"கிப்பி, உன் சொத்துடா!" என்று லௌரி கத்தினான்.
ஆட்டு லாரிக்காரன் ஹாரன் அடித்துச் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை. (கொஞ்சம் சிரித்தேன்.)
வாங்கி என் மேல்கோட்டுப் பையில் வைத்தேன்.
இருபது நிமிடமும்
இடுப்போரம் ஈரமாக இருந்தது.

கடைசி நடையில்
கயிற்றைச் சுற்றிக்கொண்டே வந்தான் பையன்,
முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துக்கொண்டு.
"அதை இன்னும் போடுவீங்களா?"
"ரெண்டு அலசு அலசிட்டு, ராத்திரிக்குப் போடலாம்னு."
கொஞ்ச நேரம் கயிறு மட்டும் சுற்றியது.

"ஒழுகாது,"
என்றான் கிப்பி,
தனக்கு நன்றாக ஞாபகம் இருப்பதைப் போல.